ராணுவ உதவியை யார் கேட்பது? எப்படிக் கேட்பது?



புயலோ வெள்ளமோ வந்து ஊர் துண்டிக்கப்பட்டால் கடைவீதியில் முதலில் எழும் குரல், "ராணுவத்தை அனுப்பச் சொல்லுங்கள், ஹெலிகாப்டரை அனுப்பச் சொல்லுங்கள்" என்பதுதான். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இந்தக் குரலைக் கேட்டோம். ஆனால் யாரிடம் சொல்வது, கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, என்ன விவரத்தோடு கேட்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

சில்லறைக் கடைக்காரர் ஒருவர் மொத்தக் கடைக்குப் போன் செய்து, "அரிசி அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டால் என்ன நடக்கும்? எந்த ரகம், எத்தனை சிப்பம், எந்த லாரி செட், யார் பேருக்குப் பில் என்று தெரியாமல் ஒரு மூட்டைகூட நகராது. ராணுவ உதவி கேட்பதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். சரியான ஆள், சரியான விவரத்தோடு கேட்டால் வேலை நடக்கும். இல்லையென்றால் தாமதம்தான். அந்தத் தாமதத்தில் உயிர் போகக்கூடும் என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

2023-ல் நடந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் நிலையத்திலேயே இரண்டு இரவுகள் இருக்க நேர்ந்தது. சுற்றிலும் வெள்ளம் நின்றதால் வண்டி வாகனம் எதுவும் நெருங்க முடியவில்லை. விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களைப் போட்டது; தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் போய்ச் சேர்ந்து பயணிகளை வெளியே கொண்டுவந்தார்கள். தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவையும் அந்த நாட்களில் இரு மாவட்டங்களிலும் வேலை செய்தன.

இந்தப் படைகள் எதுவும் செய்தித்தாளைப் பார்த்துத் தானாகக் கிளம்பி வரவில்லை. மாநில அரசு கேட்டது, ஒன்றிய அரசு அனுப்பியது.

கேட்கும் வழி

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன்படி மாவட்ட அளவில் பொறுப்பு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு. அதன் தலைவர் கலெக்டர். கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும் கொடுக்கும் தகவல் கலெக்டரிடம் சேர்கிறது. தம் மாவட்டத்துப் போலீஸ், தீயணைப்புத் துறை, ஊர்க்காவல் படை, மீனவர் படகுகள் ஆகியவற்றால் சமாளிக்க முடியாது என்று கலெக்டர் முடிவு செய்தால் மாநில அரசுக்கு எழுதுகிறார். சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையர்தான் மாநில நிவாரண ஆணையர். மாநில அரசு ஒன்றிய உள்துறையையும் பாதுகாப்புத் துறையையும் கேட்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படை தனி. அது 2006-ல் அமைக்கப்பட்டது. அதன் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. ஆகையால் நமக்கு முதலில் வந்து சேருவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இத்தனை படி ஏறி இறங்குவதற்குள் ஆபத்து முற்றிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் கலெக்டர் அருகிலுள்ள படைத் தளத்தின் தலைமை அதிகாரியை நேரடியாகக் கேட்கலாம். அவர் முதலில் உதவிவிட்டு மேலிட ஒப்புதலைப் பிறகு பெற்றுக்கொள்வார். இதற்கு 'சிவில் நிர்வாகத்துக்கு உதவி' என்று பெயர்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். ராணுவம் வந்த பிறகு ஊர் நிர்வாகம் ராணுவத்தின் கைக்குப் போய்விடுவதில்லை. எந்த வேலை, எந்த ஊரில், எது முதலில் என்று சொல்வது கலெக்டர். அதை எப்படிச் செய்வது என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிடுவது படை அதிகாரி. வேலை முடிந்ததும் நிர்வாகம் அவர்களை விடுவித்து அனுப்ப வேண்டும்.

குடிமைப் பாதுகாப்பு என்ற அமைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து பொதுமக்களைக் காப்பதற்காக ஏற்பட்டது இது. இதற்கான சட்டம் 1968-ல் வந்தது. 2009-ல் அதைத் திருத்திப் பேரிடர் வேலையையும் சேர்த்தார்கள். இதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தொண்டர்கள். கடைக்காரர்களும் கடைப் பையன்களும் சேரலாம்.

உலக நாடுகளின் விதி

ஒரு நாடு மற்றொரு நாட்டின் படையை நிவாரண வேலைக்கு அழைப்பதற்கும் விதிமுறை இருக்கிறது. 1992-ல் தொடங்கிய பேச்சு நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் முடிந்ததன் விளைவாக, 1994-ல் 'ஆஸ்லோ வழிகாட்டு நெறிகள்' வெளியாயின. பின்னர் 2006-லும் 2007-லும் திருத்தப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபையின் நிவாரண ஒருங்கிணைப்பு அலுவலகம் இதைப் பின்பற்றுகிறது. சாரம் இதுதான்:

1. பாதிக்கப்பட்ட நாடு கேட்க வேண்டும், அல்லது ஒப்புக்கொள்ள வேண்டும்.
2. சாதாரண வழிகளால் முடியாத வேலைக்கு மட்டுமே ராணுவம். அது கடைசி வழி.
3. வேலையை நடத்துவது சிவில் அதிகாரிகள்.
4. பாதிக்கப்பட்ட நாட்டின் மேல் செலவை ஏற்றக் கூடாது.
5. வரும் வீரர்கள் ஆயுதமின்றி, தம் நாட்டுச் சீருடையில் வர வேண்டும்.
6. எவ்வளவு காலம் என்பதற்கு வரம்பு இருக்க வேண்டும்; தேவை முடிந்ததும் போய்விட வேண்டும்.

உதவியையும் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மக்கள் கையில் பொருளை நேரடியாகக் கொடுப்பது ஒன்று. பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து கொடுப்பது இரண்டாவது. பாலம், சாலை, விமான நிலையம் ஆகியவற்றைச் சீர் செய்து கொடுப்பது மூன்றாவது. இதில் மூன்றாவதும் இரண்டாவதும் ராணுவத்துக்கு ஏற்ற வேலை. கையில் கொடுக்கும் வேலையைக் கூடுமானவரை சிவில் ஆட்களே செய்ய வேண்டும் என்பது விதி. சண்டை நடக்கும் இடத்தில் சீருடைக்காரர் கையால் அரிசி வாங்கியவனை எதிர்த்தரப்பு சந்தேகிக்கும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒப்புதல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதத்து மியான்மர் சாட்சி. நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஹெலிகாப்டர்களுடனும் சரக்குடனும் கரைக்கு வெளியே வாரக்கணக்கில் நின்றன. ராணுவ ஆட்சியினர் அனுமதி தரவில்லை. ஜூன் தொடக்கத்தில் கப்பல்கள் திரும்பிவிட்டன. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று தன் சரக்கைத் தாய்லாந்தில் இறக்கி, உலக உணவுத் திட்டத்தின் மூலம் அனுப்ப வேண்டியதாயிற்று.

என்ன வேண்டும் என்று பேசி முடிக்காமல் அனுப்பினாலும் வீண்தான். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் பிரிட்டன் மூன்று பெரிய சினூக் ஹெலிகாப்டர்களை டெல்லி வரை கொண்டுவந்தது. அவற்றின் இறக்கைக் காற்று, பழுதான கட்டடங்களுக்குச் சேதம் செய்யும் என்று கருதி நேபாளம் வேண்டாம் என்றது. மூன்றும் ஒரு மூட்டையும் தூக்காமல் திரும்பிப் போயின. ஆர்டர் உறுதியாகுமுன் லோடு ஏற்றினால் வாடகை நம் தலையில் என்பது நமக்குப் பழக்கமான பாடம்தானே!

எடைக் கணக்கு

1987 ஜூன் 3-ம் தேதி ராமேசுவரத்திலிருந்து படகுகளில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய நிவாரணப் பொருட்களை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. இலங்கை அரசு தன் ஒப்புதல் இல்லை என்று கண்டித்தது. அதன் அரசியல் இங்கே நம் பேச்சு அல்ல. வியாபாரியின் கண்ணில் படுவது எடை. 25 டன் என்பது இரண்டு அல்லது மூன்று லாரி லோடு. நடுத்தரமான ஒரு மொத்தக் கடையில் ஒரு நாளில் இறங்கும் சரக்கு. அதைக் கொண்டு சேர்க்க ஐந்து விமானங்கள் தேவைப்பட்டன. 2004 சுனாமிக்குப் பின் இலங்கை கேட்டு இந்தியக் கடற்படை போனபோது கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கியது.

நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டர் சுமக்கக்கூடியது சுமார் 4 டன். ஒரு சாதாரண ஆறு சக்கர லாரியின் சுமையில் பாதிகூட வராது. ஆகையால் லாரி போகும் ஊருக்கு ஹெலிகாப்டர் கேட்பது தவறு. அந்த நேரத்தில் வேறு ஊரில் மாடியில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகிறது.

'கடைசி வழி' என்பதன் பொருளும் இதுவே. 2018-ல் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் சுமார் 670 படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து 65,000 பேர் வரை மீட்டார்கள். ராணுவம் போக முடியாத சந்துகளுக்குள் அவர்கள் போனார்கள். கையில் இருக்கும் வசதியை முதலில் பயன்படுத்தி, மிச்சத்துக்குப் படையைக் கேட்க வேண்டும். 2015-ல் சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கி டிசம்பர் 6 வரை மூடப்பட்டபோது, அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்தில் பயணிகள் விமானங்களை இறங்கவிட்டார்கள். இது வேறு யாராலும் தர முடியாத உதவி. படையிடம் கேட்க வேண்டியது இதுபோன்றவற்றைத்தான்.

செலவுக் கணக்கும் உண்டு. நாட்டுக்குள் படை உதவிக்கு ஆகும் தொகையை மாநில அரசின் பேரில் பற்று எழுதுகிறார்கள். 2006 முதல் 2024 செப்டம்பர் வரை ஹெலிகாப்டர், விமான உதவிக்காக 132 கோடியே 62 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் கேரளத்துக்கு ஒன்றிய அரசு கணக்கு அனுப்பியது. அது நியாயமா என்ற வாதம் உயர் நீதிமன்றம் வரை போனது. எப்படியும் அது மக்கள் வரிப்பணம்.

சொல்ல வேண்டிய விவரம்

நாமோ நம் சங்கமோ படையை அழைக்க முடியாது. ஆனால் கலெக்டர் அழைப்பதற்கு வேண்டிய விவரத்தை நம்மைப்போல் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை வீடு, யார் வீட்டில் கைக்குழந்தை, எந்தப் பாலம் தாழ்வு என்பதெல்லாம் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. அங்கே பேசும்போது, "ஊரே மூழ்கிவிட்டது, ஹெலிகாப்டர் அனுப்புங்கள்" என்று சொன்னால் எழுதிக்கொள்பவருக்கு ஒன்றும் புரியாது. உதாரணமாக இப்படிச் சொல்ல வேண்டும்:

ஊர், வட்டம்: இன்ன கிராமம், இன்ன தாலுகா.
ஆட்கள் இருக்கும் இடம்: நடுநிலைப் பள்ளி மாடி.
எத்தனை பேர்: 140. அதில் கைக்குழந்தை 11, நிறைமாதக் கர்ப்பிணி 2, டயாலிசிஸ் நோயாளி 1.
வழி: கிழக்குப் பாலம் உடைந்துவிட்டது. மேற்குச் சாலையில் இடுப்பளவு தண்ணீர், ஓட்டம் அதிகம், டிராக்டர் வர முடியாது.
தேவை: மூவரை உடனே வெளியேற்ற வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு நாள் சாப்பாடும் குடிதண்ணீரும் வேண்டும்.
இறங்க இடம்: பள்ளிக்கு வடக்கே மேட்டில் களம் காய்ந்திருக்கிறது. அதன் மேற்கு ஓரம் மின்கம்பி போகிறது.
சொல்பவர் பெயர், போன் எண், சொன்ன நேரம்.

எந்தப் படை வர வேண்டும், படகா ஹெலிகாப்டரா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. என்ன வேலை நடக்க வேண்டும் என்று சொன்னால் போதும். எதில் வருவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. ஆபத்து பற்றிப் பொய்யான எச்சரிக்கை பரப்புவதற்கு மேற்படி சட்டத்தில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது.

சரக்கு கட்டும் முறை

ஹெலிகாப்டரிலோ படகிலோ போகும் சரக்கைக் கட்டித் தரச் சொல்லி நம்மிடம்தான் வருவார்கள். கவனிக்க வேண்டியவை:

ஒவ்வொரு கட்டிலும் எடையை எழுதுங்கள். மொத்த எடை தெரியாமல் விமானி ஏற்ற மாட்டார். 50 கிலோ மூட்டை வேண்டாம். ஒரு ஆள் தூக்கித் தரக்கூடிய சிறு கட்டுகளாகப் போடுங்கள். கண்ணாடிப் பாட்டில் கூடாது.

அடுப்பு மூட்ட முடியாத ஊருக்குப் பச்சரிசியும் பருப்பும் முதல் நாளில் உதவாது. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ரொட்டி, பிஸ்கட், பால் பவுடர், குடிதண்ணீர் ஆகியவை முதலில் போகட்டும். பால் பவுடர் இருந்தால் கூடவே குடிதண்ணீரும் போக வேண்டும். பெண்களுக்கான நாப்கின், குழந்தைத் துணி ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள்.

தீப்பெட்டி, மண்ணெண்ணெய், கேஸ் அடுப்பு போன்ற தீப்பற்றும் பொருட்களை அதிகாரியிடம் சொல்லாமல் கட்டுக்குள் வைக்கக் கூடாது. விமானத்தில் அது உயிருக்கு ஆபத்து.

ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தின் அருகில் தகரம், தார்ப்பாய், காலிச் சாக்கு ஆகியவை கிடந்தால் அகற்றிவிடுங்கள். காற்றில் எழும்பி மேலே சிக்கும். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் நம் வேலைதான்.

கிடங்கையும் வண்டியையும் எடுத்துக்கொண்டால்

சட்டத்தின் 65-வது பிரிவின்படி, பேரிடர் வேலைக்கு வேண்டிய பொருள், கட்டடம், வாகனம் ஆகியவற்றை எழுத்து மூலமான உத்தரவால் எடுத்துக்கொள்ள மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நியாயமான காரணமின்றி மறுத்தால் 51-வது பிரிவில் தண்டனை உண்டு. அதே நேரம் 66-வது பிரிவு நமக்குப் பாதுகாப்பு. கட்டடத்துக்கு அந்தப் பகுதியின் வாடகையையும், அதனால் கடையை இடம் மாற்ற நேர்ந்தால் அதற்கு நியாயமாக ஆகும் செலவையும் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் 30 நாட்களுக்குள் நடுவரின் தீர்ப்புக்கு அனுப்பும்படி விண்ணப்பிக்கலாம். வண்டிக்கு அந்தப் பகுதியில் நடப்பில் உள்ள வாடகை.

ஆகவே வாய்மொழியாகக் கேட்டால் மறுக்க வேண்டாம், கொடுங்கள். ஆனால் உடனே எழுத்து மூலமான உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். சரக்காக இருந்தால் பெயர், அளவு, விலை மூன்றையும் அதிலேயே எழுதி வாங்குவது நல்லது. பெற்றுக்கொண்டவரின் கையொப்பம், பதவி, தேதி, நேரம் வேண்டும். வண்டி புறப்பட்டபோதும் திரும்பியபோதும் கிலோமீட்டர் குறித்து வையுங்கள். இந்தத் தாள்கள் இல்லாமல் அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை.

நிவாரணப் பொருளையோ பணத்தையோ கையாடினால் 53-வது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. நம் கிடங்கில் வைக்கப்பட்ட நிவாரணச் சரக்கைக் கடைச் சரக்கோடு கலக்காமல் தனி அட்டியாகப் போட்டுத் தனி நோட்டில் எழுதுவது நம் பெயரைக் காக்கும்.

இலவசம் எப்போது நிற்க வேண்டும்?

பாதை திறந்த பிறகும் இலவசப் பொட்டலம் நீடித்தால் ஊர்ச் சிறுகடை எழுந்து நிற்க முடியாது. சரக்கு நனைந்து முதல் போன கடைக்காரருக்கு அது இரண்டாவது அடி. ஆகையால் சாலை திறந்ததும் மொத்த வியாபாரிகள் அந்தக் கடைகளுக்குக் கடனில் சரக்கு இறக்கி, கடை திறந்துவிட்டது என்று தாசில்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். கடை திறந்த ஊருக்குப் படை வேண்டாம். வேறு ஊருக்குப் போகலாம். அதே சமயம் பழைய விலைக்கே விற்க வேண்டும். 2015-ல் சென்னையில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. சிலர் செய்தது, பழி நம் எல்லார் மேலும் விழுந்தது.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை இவை: மேட்டில் இருக்கும் கிடங்குகள், அவற்றின் சாவி யாரிடம், உறுப்பினர்களின் லாரி, வேன், டிராக்டர், ஜெனரேட்டர் உள்ள கடைகள், தாழ்வான பாலங்கள், மாற்றுப் பாதைகள், ஹெலிகாப்டர் இறங்கத் தக்க களம், மைதானம், மழைக்கால இருப்பில் அவல், பிஸ்கட், பால் பவுடர், மெழுகுவர்த்தி எவ்வளவு. ஒரு பிரதியைத் தாசில்தாரிடமும் ஒரு பிரதியைத் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். செல்போன் கோபுரங்கள் நின்றுபோகும் நாளில் தாளில் எழுதி வைத்ததுதான் கைகொடுக்கும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து முடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.